பெட்டிக்குள் திரும்ப வைத்த இரண்டு கட்டைகள்

மூன்று பேர் செத்ததற்குக் காரணம் நான்! அதைவிடக் கேவலமாகவும் ஒன்று செய்தேன்... அந்தப் பழியை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டு, இரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

உடனே என்னை ஒரு பெரிய பாதகனாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அந்த அளவுக்கெல்லாம் எனக்குத் துணிச்சல் கிடையாது. நான் ரயில்வேயில் ஒரு பாயிண்ட்ஸ்மேன். கொடி காட்டுவேன், வேகன்களைக் கோர்ப்பேன், கழற்றுவேன், நிறுத்திவைத்த வேகன் உருண்டுவிடாமல் பார்த்துக்கொள்வேன். முப்பத்தொரு வருடமாக இதுதான் வேலை. ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஸ்டேஷனில் எனக்கு 'ரூல் அண்ணாச்சி' என்று பட்டப்பெயர். விதி பிசகினால் ஸ்டேஷன் மாஸ்டரையே நிறுத்திக் கேள்வி கேட்கிறவன் நான். கேட்டீர்களா கூத்தை!

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். மெயின் லைன் ஒன்று, அதை ஒட்டி லூப் லைன் ஒன்று, ஒரு பிளாட்பாரம், நாலைந்து வேப்பமரம். அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலரை மணிக்கு, சாரலில், அங்கே ஒரு பாசஞ்சர் ரயில் நுழைந்தது. லூப் லைனில் ஜல்லி ஏற்றிய நாலு வேகன்கள் நின்றிருந்தன. அவை தாமாக நகர்ந்து, கடைசி வேகனின் மூலை மெயின் லைனுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. அந்த மூலையில் இடித்து, ரயிலின் முதல் இரண்டு பெட்டிகள் கவிழ்ந்தன.

வேகன் நகர்ந்ததுமே சிக்னல் சிவப்பாக மாறிவிட்டது. ஆனால் அதற்குள் ரயில் சிக்னலைத் தாண்டிவிட்டது... ஒரு நிமிடம் முந்தி நகர்ந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது!

அடுத்த சில நாட்கள் ஊரே காரணம் தேடியது. டிரைவர் தூங்கிவிட்டார் என்றார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். தண்டவாளம் நனைந்து வழுக்கியது, யாரோ சதி செய்தார்கள், வேகனின் கை பிரேக் தேய்ந்துபோயிருந்தது, அந்த இடத்தில் தரையே வடக்கே சரிந்துதான் இருக்கிறது... டீக்கடையில் ஒன்று, டிவியில் ஒன்று, போனில் வருவது ஒன்று. ஒவ்வொன்றையும் நான் எவ்வளவு ஆசையோடு கேட்டேன் தெரியுமா? ஒவ்வொரு காரணத்தையும் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். டிரைவர் தூங்கியிருக்கட்டும் கடவுளே! பிரேக் போயிருக்கட்டும்! யாராவது ஒரு சண்டாளன் நிஜமாகவே சதி செய்திருக்கட்டும்!

அந்தப் பட்டியலில் இல்லாத காரணம் ஒன்று இருந்தது. அது குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில், என் மனைவியின் பஜ்ஜிக் கடையில் இருந்தது.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

நிறுத்திவைத்த வேகன் உருளாமலிருக்க சக்கரத்துக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளைச் செருகுவோம். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சரிந்திருக்கும். வெட்ஜ் என்போம். கை பிரேக்கை இறுக்க வேண்டும், சங்கிலி போட்டுத் தண்டவாளத்தோடு பூட்ட வேண்டும், கட்டை வைக்க வேண்டும். மூன்றும் வேண்டும். எங்கள் ஸ்டேஷனில் சங்கிலியின் பூட்டு கெட்டு, சங்கிலியோடு பழுதுபார்க்கப் போய்த் திரும்பவேயில்லை. அது எல்லாருக்கும் தெரியும். மிச்சம் அந்தக் கட்டைகள்தான். அவையும் எட்டு மாதமாக இரும்புப் பெட்டிக்குள் தூசி படிந்து கிடந்தன. எங்கள் ஸ்டேஷனில் வேகன் நிறுத்துவதே அபூர்வம்.

என் மனைவி பகவதி வருடாவருடம் சீசனுக்குக் கடை போடுவாள். தார்ப்பாய், நாலு கம்பு, ஒரு மர பெஞ்சு, அதன்மேல் அடுப்பு. இடம் சரிவு, சாரலில் சேறு வேறு. அந்த வருடம் பெஞ்சு ஒரு பக்கமாக அமுங்கிச் சாய்ந்து, கொதிக்கிற எண்ணெய் தளும்பி அவள் கால்மேல் கொட்டிவிட்டது. பாதம் முழுவதும் தோல் உரிந்துபோயிற்று. அப்படியும் மறுநாள் துணியைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். நான் செங்கல் வைத்துப் பார்த்தேன், பலகை வைத்துப் பார்த்தேன். எதுவும் அந்தச் சேற்றில் நிற்கவில்லை.

பிறகு இரண்டு வெட்ஜ் கட்டைகளையும் எடுத்து வந்து பெஞ்சுக் காலுக்கு அடியில் அடித்தேன். அப்பாடா! என்ன கச்சிதம்! மலையே புரண்டாலும் பெஞ்சு அசையாது. சீசன் முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மனைவியின் காலுக்காகத்தான் எடுத்தேன் என்று உங்களிடம் இரக்கம் கேட்கிறேனோ? இருக்கலாம். எடுத்தது குற்றமென்று அப்போதும் எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. பகல் டூட்டி முருகையாவுக்கு. இலத்தூர்க்காரன், என்னைவிட எட்டு வயது இளையவன். நான் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டான். மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும், கடையில் நல்ல கூட்டம். போன் அடித்தது.

"அண்ணாச்சி, வெட்ஜ் கட்டய எங்கன வச்சிருக்கிய? பெட்டியில காணலையே. ஜல்லி வேகன் நாலு வந்து நிக்கி. மாஸ்டர் சரியா நிறுத்தி வையின்னு சொல்லுதாரு."

நான் கீழே பார்த்தேன். கட்டைகள் என் காலுக்குப் பக்கத்தில் இருந்தன. எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய்...

"அங்கனதாம்லே கெடக்கும். நல்லாப் பாரு" என்றேன்.

"பெட்டியவே கவுத்துப் பாத்துட்டேன் அண்ணாச்சி."

அந்த ஒரு நொடியில் 'நான்தான் எடுத்தேன், இதோ கொண்டு வருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். பைக்கில் போனால் முக்கால் மணி நேரம். ஆனால் ரூல் அண்ணாச்சி அல்லவா? டூட்டிச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன், பஜ்ஜிக் கடைக்கு முட்டுக்கொடுக்க எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கம்... வேறொன்றுமில்லை, வெறும் வெட்கம்!

"அப்ப ரெண்டு பெரிய கல்லத் தூக்கி அண்டக்குடு. ராத்திரி எஞ்சின் வந்து இழுத்துட்டுப் போயிரும். அதுக்குள்ள என்ன ஆயிரப் போவுது?"

"சரி அண்ணாச்சி. நீங்க சொன்னாச் சரி."

அவன் கல்லை வைத்தான். கை பிரேக்குகளையும் இறுக்கினான். அதில் ஒன்று தேய்ந்த பிரேக் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். நாலு மணி நேரம் அந்தக் கல் தாங்கியது. ரயில் வருகிற அதிர்வில், நனைந்த கல் வழுக்கியிருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு எனக்குச் செய்தி வந்தது. இப்போது சொல்லப்போவதைத்தான் என்னால் எந்தச் சாமியிடமும் சொல்ல முடியவில்லை. செய்தி கேட்டதும் நான் ஸ்டேஷனுக்கு ஓடவில்லை. கவிழ்ந்த பெட்டிக்குள் ஆட்கள் கிடக்கிறார்கள் என்று தெரிந்தும், முதலில் அடுப்பை அணைத்தேன்.

"கொதிக்க எண்ணெய் இருக்கு! என்ன செய்யுதிய?" என்று பகவதி கத்தினாள்.

எண்ணெய்ச் சட்டியை இறக்கினேன். பெஞ்சைத் தூக்கி, கட்டைகளை உருவினேன். எண்ணெய்ப் பிசுக்கு போக அவள் வைத்திருந்த கடலைமாவைக் கொட்டித் தேய்த்தேன். ஒருமுறை போகவில்லை. இன்னும் ஒரு கை மாவை அள்ளிப் போட்டேன். குழாயில் கழுவி, துடைத்து, சாக்கில் சுற்றி, பைக்கில் வைத்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். பகவதி பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஸ்டேஷனில் போலீஸ், ஆம்புலன்ஸ், அழுகை. ஊரே அங்கே இருந்தது. முருகையாவை மாஸ்டர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். யார் யாரையோ தூக்க நானும் கை கொடுத்தேன். என் சட்டையெல்லாம் ரத்தம். பார்த்தவர்கள் எல்லாரும் என்னை மெச்சினார்கள்... அந்தச் சட்டையோடுதான் பிளாட்பாரத்துக் கோடியிலிருக்கும் அறைக்குப் போய், சாக்கைப் பிரித்து, கட்டைகளை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வைத்தேன். கட்டை எங்கே என்று கேள்வி வந்தால் அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அது முருகையாவை என்ன செய்யும் என்று அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. நம்புகிறீர்களா? நானே சில நாள் நம்புகிறேன், சில நாள் நம்புவதில்லை.

ஏனென்றால் அதற்குள் முருகையா எல்லாரிடமும் சொல்லிவிட்டான். 'பெட்டியில் கட்டை இல்லை, அதனால்தான் கல் வைத்தேன்' என்று. அதிகாரிகள் பெட்டியைத் திறந்தார்கள். கட்டைகள் இருந்தன! இரண்டும் இருந்தன! போட்டோ எடுத்தார்கள். உண்மையைச் சொன்னவன் அந்த நிமிடத்திலிருந்து பொய்யனாகிவிட்டான்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டு மரியாதையாக உட்கார வைத்தார்கள். கட்டைகள் எப்போதும் பெட்டியில்தான் இருக்குமா என்று கேட்டார்கள். "இருக்கும் சார்" என்றேன். முந்தின நாள் நீங்கள் டூட்டி முடித்துப் போகும்போது இருந்ததா? "இருந்தது சார். நான் பார்த்தேன்."

நான் பார்த்தேன்! எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை?

அறிக்கையில் நாலைந்து காரணங்களை எழுதினார்கள். தேய்ந்த பிரேக், வராத சங்கிலி, சரிவு என்று எல்லாம் உண்டு. ஆனால் முதல் காரணம், கையில் கட்டை இருந்தும் அலட்சியமாகக் கல்லை வைத்த பாயிண்ட்ஸ்மேன். முருகையாவின் வேலை போயிற்று. தென்காசியில் வழக்கு நடக்கிறது. இப்போது வடகரையில் ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கிறான். அந்த வழக்கில் நான் முதல் சாட்சி.

இப்போதும் தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். கட்டை இருந்திருந்தால் வேகன் நின்றிருக்குமா? பிரேக் தேய்ந்திருந்ததே, கட்டையும் வழுக்கியிருக்கலாமே? சங்கிலியை யார் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்கள்? அவர்களுக்குப் பங்கில்லையா? சோறு சாப்பிடும்போதுகூட இந்தக் கணக்குதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பெஞ்சு ஞாபகம் வரும். அது அந்தச் சேற்றிலும் இம்மி அசையவில்லை...

பகவதி ஒரே ஒருமுறைதான் கேட்டாள். "அந்தக் கட்ட ஸ்டேஷன் கட்டயா?"

"இல்ல. மரக்கடையில வாங்குனது" என்றேன்.

அடுத்த சீசனுக்கு அவள் கடை போடவில்லை. ஏனென்று நானும் கேட்கவில்லை.

வேலை போன பிறகு முருகையா ஒருநாள் என் வீட்டுக்கு வந்தான். வாசலில் அவனைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டேன். போன் பேசியதைச் சொல்லி என் சட்டையைப் பிடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் என்ன நிம்மதி! அவனோ தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெல்லச் சொன்னான்.

"கல்ல வைக்கச் சொன்னது நீங்கன்னு நான் எங்கனயும் சொல்லல அண்ணாச்சி. சொன்னா ஒங்க வேலைக்கும் ஆபத்து. நீங்க நல்லதுக்குத்தான சொன்னிய? அதுவும் மொதல்ல அங்கனதான் கெடக்கும், நல்லாப் பாருன்னுதான் சொன்னிய. நாந்தான் சரியாப் பாக்கல."

"நீ... பெட்டியக் கவுத்துப் பாத்தேன்னு சொன்னியேலே?"

"கவுத்தேன்னுதான் நெனச்சேன். ஆனா கட்ட இருந்திச்சே அண்ணாச்சி! எல்லாரும் பாத்தாங்களே! அப்ப எங்கண்ணு என்ன கண்ணு?"

புரிகிறதா உங்களுக்கு? நான் அவனுடைய வேலையை மட்டும் எடுக்கவில்லை. அவன் கண்ணால் கண்டதையே அவனிடமிருந்து பிடுங்கிவிட்டேன்! அவன் மனைவி செல்வி ஆரம்பத்தில், எங்க வீட்டுக்காரரு பொய் சொல்ல மாட்டாரு என்று தெருவெல்லாம் சண்டை போட்டவள். அவளிடமும் இவனே சொல்லிவிட்டானாம், தப்பு தன்மேல்தான் என்று. அதன் பிறகு அவளும் சண்டை போடுவதை விட்டுவிட்டாள்.

நான் அவனுக்குக் காப்பி கொடுத்தேன். வேறு என்ன செய்தேன்? காப்பிதான் கொடுத்தேன்.

போன மாதம் மறுபடி வந்தான். தனக்கு ஒரு உதவி வேண்டும் என்றான். செத்துப்போன மூவரில் ஒருவர் வாசுதேவநல்லூர்க்காரர், கோமதி டீச்சர். அவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழ வேண்டுமாம். "ஒத்தையில போவப் பயமா இருக்கு. நீங்க கூட வாரியளா?"

முடியாது என்று எந்த வாயால் சொல்வேன்? போனேன்.

டீச்சரின் கணவர் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். வாட்டசாட்டமான ஆள், குரல் மட்டும் உள்ளேயே போய்விட்டது. எங்களை உட்காரச் சொன்னார். முருகையா உட்காரவில்லை. நடுக்கூடத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ஐயா, கட்டை பெட்டியிலயே இருந்திச்சி. நான் சரியாத் தேடாம கல்ல வச்சிட்டேன். டீச்சரம்மாவ நாந்தான் கொன்னேன். என்னய என்ன வேணும்னாலும் செய்யுங்க..."

அவன் முதுகு குலுங்கியது. நான் அவன் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். என் பாவத்துக்கு அவன் அழுகிறான்! என் வாயில் இருக்கவேண்டிய சொற்கள் அவன் வாயிலிருந்து வருகின்றன! இப்போது சொல், இப்போதே சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றே சொல்தான்... நான்தான் கட்டையை எடுத்தேன். குடையைத்தான் இறுக்கிப் பிடித்தேன்.

அந்த மனிதர் குனிந்து முருகையாவின் தோளைத் தொட்டார்.

"எந்திரிங்க. அவ இருந்தாலும் எந்திரிக்கத்தான் சொல்லுவா. தப்ப ஒத்துக்கிட ரெண்டு வருசத்துல ஒரு ஆளு வரலையேன்னு இருந்தேன். நீங்க வந்துட்டிய. போதும்."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

"கூட வந்தவன்" என்றேன்.

"நல்லது. இப்படி நேரத்துல கூட வார ஆளுதான் பெரிசு" என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஆமாம், கும்பிட்டேன்!

பஸ்ஸில் திரும்பும்போது முருகையா, வழக்கில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான். "நீங்க சாட்சிக்கு வந்து எனக்கு எதிரா நிக்க வேண்டாம் அண்ணாச்சி. ஒங்களுக்கும் அது சங்கடந்தான? நானே ஒத்துக்கிட்டா எல்லாம் முடிஞ்சிரும்." உள்ளே போனால் எத்தனை வருடம் என்று அவன் வக்கீலிடம் கேட்கவில்லையாம். செல்வியிடமும் இன்னும் சொல்லவில்லையாம்.

அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நெஞ்சு லேசாயிற்று! கூண்டில் ஏறவேண்டாம், சத்தியம் செய்யவேண்டாம், மிச்சமிருக்கிற மாதங்களும் ஓடிவிடும் என்று மனம் துள்ளியது. ஒரு நொடிதான். ஆனால் துள்ளியது.

பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். இரண்டு வருடமாகச் சரியான தூக்கமில்லை, இன்றைக்குத்தான் கண் சொக்குகிறது என்று சொல்லிக்கொண்டே தூங்கினான். குழந்தையைப்போல் வாய் திறந்திருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் இவனுடைய இந்தத் தூக்கமும் போய்விடுமே என்று நினைத்தேன். பார்த்தீர்களா? பேசாமலிருக்க எனக்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அன்பு என்று அதற்குப் பெயர்கூட வைத்துக்கொள்ளலாம்!

அவன் கோர்ட்டில் ஒத்துக்கொள்ளும் நாள் இந்த மாதம்தான். இதை ஒரு தாளில் எழுதி அங்கே கொடுக்க என்னால் முடியும். உங்களிடம் சொல்கிறேனே தவிர, அங்கே கொடுக்கவில்லை. நீங்கள் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்துதான் உங்களிடம் சொல்கிறேன்.

தென்காசி வந்ததும் அவனை எழுப்பினேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டு இறங்கியவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒங்க உதவிய மறக்க மாட்டேன் அண்ணாச்சி."

"இருக்கட்டும்லே" என்றேன்.